நின்றபடி வாசித்த மாரீஸ்வரி

அன்று மதியம் லுஹர் தொழக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. முசல்லா விரிப்பை மடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. மாரீஸ்வரியின் கணவர் முருகேசன் பேசினார்.

"அக்கா, ஈஸ்வரி இறந்துட்டாக்கா. ட்யூட்டி முடிஞ்சு நர்ஸ் ரூம்ல நாற்காலில உக்காந்துருக்கா. டீ கொண்டாந்த பிள்ள எழுப்பிப் பாத்துருக்கு. எந்திரிக்கல."

"உக்காந்தாளா?" என்று கேட்டேன்.

இது என்ன கேள்வி என்று அவர் நினைத்திருக்கலாம். அவளோடு தீக்காய வார்டில் வேலை பார்த்த உங்களுக்குப் புரியும். மாரீஸ்வரி உட்கார்ந்து நாம் யாரும் பார்த்ததில்லை.

அவளுக்காக ஒரு சிறு நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் ஒரு பக்கம் எழுதுங்கள் என்று நீங்கள் வந்து கேட்டீர்கள். நான் வீட்டோடு இருப்பவள். தொழுகை, சமையல், வீட்டு வரவு செலவு நோட்டு, இவ்வளவுதான் என் உத்தியோகம். இருந்தும் ஒப்புக்கொண்டேன். முருகேசன் வேலை பார்க்கும் சிவகாசி அச்சகத்தில்தான் இது அச்சாகப் போகிறது என்றீர்கள். அப்படியானால் இதை முதலில் வாசிக்கப் போகிறவர் அவர்தான். அவரிடம் நான் இன்னும் சொல்லாத ஒன்று இருக்கிறது. நேரில் சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் வரும் என்று நினைக்கிறேன்.

அவள் முதன்முதலில் என் வீட்டுக்கு வந்தது ஒரு புத்தகம் கேட்டு. என் மகள் வெளிநாடு போவதற்காக ஆங்கிலத் தேர்வு எழுதினாள். அவள் வாசிக்கும்போது பக்கத்தில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நேரம் பார்த்தவள் நான். பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றவள், அந்தக் கடிகாரத்தின் பக்கத்தில் இருந்தே அகராதியைப் புரட்டிப் புரட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டேன். மகள் போய்விட்டாள். புத்தகங்கள் அலமாரியில் கிடந்தன. அடுத்த தெருவில் இருந்த மாரீஸ்வரி அதைக் கேள்விப்பட்டு, வேலை முடிந்து யூனிஃபார்மோடு வந்து நின்றாள்.

"ஹமீதாக்கா, அந்தப் புஸ்தகத்த எனக்குக் குடுப்பீகளா? பேசுறது, எழுதுறது, கேக்குறது எல்லாத்துலயும் தேறிட்டேன். வாசிக்கிறதுல மட்டும் ரெண்டு தடவ போச்சு."

வாசிப்புத் தேர்வில் ஒரு மணி நேரம், மூன்று நீண்ட பத்திகள், நாற்பது கேள்விகள். வெளிநாட்டு மருத்துவமனையில் சேர அவளுக்கு முப்பது சரியாக வேண்டியிருந்தது. அவள் இருபத்தாறைத் தாண்டவில்லை. பதினெட்டு வருடம் தீக்காயத்துக்குக் கட்டுப் போட்ட பிறகு, வேறு நாட்டில், வேறு ஏதாவது ஒரு வார்டில், காலில் முறிவோ வயிற்று வலியோ உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. சம்பளத்தைப் பற்றி ஒருநாளும் பெரிதாகப் பேசியதில்லை. "கருகின வாடை இல்லாத வார்டுக்கா" என்பாள். அதற்கு அந்த நாலு மதிப்பெண் குறுக்கே நின்றது.

காலை ட்யூட்டி முடிந்து, வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாருக்குச் சோறு கொடுத்துவிட்டு, நான் சாயங்காலம் அஸர் தொழுது முடிக்கும் நேரத்துக்கு வருவாள். நான் தினமும் சொல்வது ஒன்றுதான்: "உக்காரு. முதல்ல தண்ணி குடி." தண்ணீரைக் குடிப்பாள். உட்கார மாட்டாள். "உக்காந்தா தூங்கிருவேன்க்கா. நின்னுக்கிட்டே படிக்கேன்." எங்கள் குளிர்பதனப் பெட்டியின் பக்கவாட்டில் தோளைச் சாய்த்துக்கொண்டு, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்று, ஒரு மணி நேரம் வாசிப்பாள். அந்த இடத்தில் பெயின்ட் மங்கி ஒரு தடம் இருக்கிறது. என் வீட்டுக்காரர், "என்னம்மா, பிரிட்ஜ் விழுந்துரும்னு முட்டுக் கொடுத்திருக்கியா?" என்று கேட்பார். "ஆமா அண்ணே, ரெண்டுல ஒண்ணு நின்னாத்தான் இன்னொண்ணு நிக்கும்" என்பாள்.

சொற்களை அவள் எழுதிய தாள்கள் முருகேசன் கொண்டுவந்தவை. அச்சகத்தில் நிறம் சரியாக விழும்வரை ஓட்டிக் கழிக்கிற தாள்களின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். முன்பக்கம் பட்டாசுப் பெட்டி லேபிள், காலண்டர் படம். ஒரு மயிலுக்கு நிறம் நகர்ந்து இரண்டு கழுத்து இருக்கும். ஒரு லட்சுமிக்கு நான்கு கண் இருக்கும். சாமி படம் உள்ள தாளை அவள் தரையில் வைக்க மாட்டாள். என் வீட்டில் நானும் வைத்ததில்லை. அலமாரியில், என் மார்க்கக் கிதாபுகள் இருக்கும் மேல்தட்டுக்கு அடுத்த தட்டில், அந்தக் கட்டு இருந்தது.

அகராதியில் உள்ள பொருளை அவள் எழுதவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் ஆளையோ சம்பவத்தையோ எழுதினாள். 'அபண்டன்ட்' (ஏராளம்) என்ற சொல்லுக்கு நேரே, 'அக்கா வீட்டு வத்தல்'. எங்களுக்கு மிளகாய் வற்றல் கமிஷன் கடை. 'ஸ்கேர்ஸ்' (அரிது) என்பதற்கு, 'என் லீவு'. 'ரிலக்டன்ட்' (மனமில்லாமல்) என்பதற்கு, 'பரீட்சைப் பணம் கட்டச் சொன்னப்ப இவக முகம்'. இவக என்றால் முருகேசன். தம்பி, அதை நீங்கள் படித்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தீர்களாமே. அவள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். 'எக்ஸாஸ்டட்' (களைத்துப்போன) என்ற சொல்லுக்கு எதிரே மட்டும் எதுவும் எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன். "இதுக்கெல்லாம் குறிப்பு வேணுமாக்கா?" என்றாள்.

நான் அவளுக்கு நேரம் பார்த்தேனே தவிர, வாசிக்கும் வழியை அவள்தான் எனக்குச் சொன்னாள். எனக்கு ஒரு சொல் தெரியாவிட்டால் அங்கேயே நின்றுவிடும் பழக்கம். அகராதியை எடுக்காமல் அடுத்த வரிக்குப் போக மாட்டேன். ஒருநாள் அகராதியை என் கையிலிருந்து வாங்கி மூடி வைத்தாள். "மயக்கத்துல வர்ற பேஷண்ட் தன் பேரச் சொல்ல மாட்டாரு. கூட வந்தவகளத்தான கேக்கணும்? வார்த்தையும் அப்பிடித்தான்க்கா. முன்னாடி நிக்கிறது யாரு, பின்னாடி நிக்கிறது யாருன்னு பாருங்க. முக்கால்வாசி தெரிஞ்சுரும்." பத்தியை முதலில் எந்த இடத்திலும் நிற்காமல் ஒருமுறை ஓடிப் பார்க்க வேண்டும் என்பாள். ரவுண்ட்ஸ் போகிற மாதிரி. "முதல் கட்டில்லயே நின்னுட்டா, கடைசிக் கட்டில்ல இருக்கிறவன் என்ன ஆவான்?" இன்று நான் செய்தித்தாளை அப்படித்தான் வாசிக்கிறேன்.

எனக்கு எதையும் நோட்டில் ஏற்றாமல் இருக்க முடியாது. வீட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, அவள் தப்புகளை எழுதினேன். மூன்று கட்டம்: அவள் எழுதியது, சரியானது, தப்பின் காரணம். காரணங்கள் மொத்தம் நான்குதான் வந்தன. தெரியாத சொல். அவசரம். தூக்கம். சொந்த அனுபவம். எங்காவது பட்டாசு ஆலையில் வெடித்த நாளில் அவள் வர மாட்டாள். அந்தத் தேதிக்கு நேரே ஒரு கோடு மட்டும் போடுவேன். கோடுகள் நிறைய இருக்கின்றன.

'சொந்த அனுபவம்' என்று நான் எழுத நேர்ந்தது ஒரு பட்டாசுப் பத்தியால். பயிற்சிப் புத்தகத்தில் வாணவேடிக்கையின் வரலாறு பற்றிய பத்தி வந்தது. அவள் முகம் மலர்ந்தது. "இன்னைக்கு முழு மார்க்குக்கா!" என்றாள். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, பத்தியின்படி அது சரியா, தவறா, சொல்லப்படவில்லையா என்று கேட்பார்கள். அதில் ஒன்று: பட்டாசுத் தொழிலில் பெண்களே அதிகம் வேலை செய்கிறார்கள். அவள் 'சரி' என்று எழுதினாள். நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். விடைப் பக்கத்தில் 'சொல்லப்படவில்லை' என்று இருந்தது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"யாருக்கா இந்தப் புஸ்தகத்த எழுதுனது? ஒரு நாளாச்சும் நம்ம ஊர்ப் பக்கம் வந்துருக்கானா?"

"அவன் வந்தானா இல்லையாங்கிறது கேள்வி இல்ல ஈஸ்வரி. பத்தியில எங்கன இருக்கு? விரல வச்சுக் காட்டு."

"பத்தியில இல்லக்கா. என் வார்டுல இருக்கு. இப்பவே வாங்க, கட்டில் கட்டிலா விரல வச்சுக் காட்டுறேன்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அந்தப் பத்தியில் பதிமூன்றுக்கு நாலு வாங்கினாள். தெரியாத நாட்டுப் பறவைகளைப் பற்றிய பத்தியில் பதினொன்று வாங்கியவள், தன் கையால் தொட்ட விஷயத்தில் நாலு. பழைய தப்புகளை எல்லாம் எடுத்துப் பார்த்தோம். மருத்துவமனை, பிள்ளை வளர்ப்பு, வயதானவர்கள் என்று எது வந்தாலும் அவள் பத்தியை விட்டுவிட்டுத் தன் வாழ்க்கையிலிருந்து பதில் எழுதியிருந்தாள். அவளுக்கு வழியை அடைத்துக்கொண்டிருந்த நாலு மதிப்பெண் அங்கேதான் கிடந்தது. அதற்குப் பிறகு அவள் அடிக்கடி சொன்ன ஒன்று: "தெரிஞ்சத வாசல்ல செருப்பு மாதிரிக் கழட்டி வச்சுட்டு உள்ள வரணும்க்கா. போகும்போது மாட்டிக்கிறலாம்."

மூன்றாவது முறை எழுத மதுரைக்குப் போனாள். தேர்வறையில் நிற்க விடமாட்டார்களே என்பதுதான் அவளுக்கு இருந்த பயம். செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த தரையில் பாதத்தை அழுத்திக்கொண்டு விழித்திருந்ததாக வந்து சொன்னாள். முப்பத்திரண்டு சரி. மதிப்பெண் வந்த அன்று அவளும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் அழுதோம். அவள் தன் அம்மனுக்கு வேண்டியிருந்த பொங்கலை வைத்தாள். நான் நன்றியாக இரண்டு ரக்அத் நஃபில் தொழுதேன்.

அந்த மதிப்பெண் தாளுக்கு ஆயுள் இரண்டு வருடம். அவள் படித்த நர்ஸிங் பள்ளியை மூடிவிட்டார்கள். அதன் பழைய பதிவேடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, வெளிநாட்டில் கேட்ட சான்றுக் கடிதத்தை வாங்கவே ஒரு வருடம் ஓடியது. கடிதம் வந்தபோது மாமியார் கடைசிக் கட்டத்தில் இருந்தார். விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனமில்லை. மாமியாரை அடக்கம் செய்து, காரியங்கள் முடிந்து நிமிர்ந்தபோது, முப்பத்திரண்டும் காலாவதி ஆகிவிட்டது. யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. குற்றம் சொல்ல ஆள் கிடைத்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இனி நான் சொல்ல வேண்டியது.

இறப்பதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால் அவள் வந்தாள். பரீட்சை முடிந்ததும் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்த தாள் கட்டை மறுபடி கையில் வைத்திருந்தாள். எனக்குக் கண்ணில் புரை எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. முழங்காலிலும் வலி. மகளோடு பேசிவிட்டு, அவள் இந்த வருடமும் வர முடியாது என்றதைக் கேட்டுவிட்டுப் படுத்திருந்தேன். எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன்.

"முதல்லருந்து ஆரம்பிக்கணும்க்கா. வார்த்தையெல்லாம் மறந்துபோச்சு" என்றாள்.

"என்னால முடியாது ஈஸ்வரி. இந்தத் தடவ வேற யாரையாவது பாரு" என்றேன்.

வாசலில் வைத்தே சொன்னேன். உள்ளே வா என்று சொல்லவில்லை. ஆறு வருடத்தில் அந்த ஒரு நாள்தான் நான் தண்ணீர் கொடுக்கவில்லை.

"சரிக்கா. நீங்க ரெஸ்ட் எடுங்க. கண்ணுக்கு மருந்து நேரத்துக்கு விடுங்க" என்றாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. போய்விட்டாள். நான் கதவைச் சாத்தும்போதுதான் பார்த்தேன். தாள் கட்டை வாசல் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். மேலே இரண்டு கழுத்து மயில்.

அடக்கம் முடிந்த மறுவாரம் முருகேசன் வந்தார். "அக்கா, அவ பேப்பர் கட்டு வீடு பூராவும் தேடுனேன், இல்ல. உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்று சொன்னேன். எப்படி வந்தது என்று சொல்லவில்லை. "அப்ப நீங்களே வச்சுக்கிருங்க. அது இங்கனதான இருக்கணும்" என்றார். தம்பி, அது வந்த விதம் இதுதான்.

நான் மனம் மாறிக் கூப்பிடுவேன் என்று நினைத்து வைத்தாளா? இனி வேண்டாம் என்று வைத்தாளா? கை வலித்து வைத்தவள் மறந்து போனாளா? பன்னிரண்டு நாளில் என்னை நினைத்து வருத்தப்பட்டாளா? ராத்திரியும் பகலும் எனக்கு நானே பதில் சொல்லிப் பார்த்தேன். சில நாள் எனக்குச் சாதகமாக, சில நாள் என்னைத் தண்டிப்பதற்காக. பிறகு அவளிடம் நான் சொன்னதை எனக்கே சொன்னேன்: விரலை வைத்துக் காட்டு. வைக்க வரி இல்லை. அவள் சொன்னது 'சரிக்கா', 'ரெஸ்ட் எடுங்க', 'மருந்து விடுங்க' இவ்வளவுதான். மீதி எனக்குச் சொல்லப்படவில்லை. அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

அவளிடமிருந்து என்னிடம் இருப்பவை: அந்தக் கட்டு, பழைய இடத்தில், மேல்தட்டுக்கு அடுத்த தட்டில். குளிர்பதனப் பெட்டியின் பக்கவாட்டில் மங்கிய தடம். அகராதியை மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பவர்களைக் கேட்கும் பழக்கம். அப்புறம் அந்த நோட்டு. அதில் இரண்டு வருடமாக எதுவும் ஏற்றவில்லை. நேற்று அஸர் தொழுதுவிட்டு எடுத்து, கடைசியாக ஒரு வரி எழுதினேன். தப்பு அவளுடையது அல்ல, என்னுடையது. முதல் கட்டத்தில், 'என்னால முடியாது'. மூன்றாம் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். பழைய நான்கில் எதுவும் பொருந்தவில்லை. 'களைப்பு' என்று புதிதாக ஒன்று எழுதினேன்.

நடுவில், சரியானது என்ற இடம். அங்கே 'சரி, ஆரம்பிப்போம்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அது பொய். உண்மையிலேயே என்னால் முடிந்திருக்காது. அதனால் தினமும் சொல்லி அன்று மட்டும் சொல்லாமல் விட்டதை எழுதினேன்.

'உக்காரு. முதல்ல தண்ணி குடி.'