பிழையாகச் சொன்ன அந்த ஒரு வீடியோ

தலவாக்கலை டவுனில் ஒரு போட்டோ கொப்பி கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது, மெஷினை இயக்குவது மட்டும்தான் என் வேலை என்று நினைத்திருந்தேன். தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களோ சிங்களப் படிவத்தை நீட்டி, "இதுல என்ன கேக்குறாங்க பிள்ள?" என்றுதான் முதலில் கேட்டார்கள். எனக்குச் சிங்களம் வாசிக்க வரும். ஒரே விளக்கத்தை ஒரு நாளில் எத்தனையோ பேருக்குச் சொல்வேன்.

அதை வீடியோவாகப் போட்டால் என்ன என்று தோன்றியது. அடையாள அட்டைக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும், பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக இருந்தால் யாரைப் பார்க்க வேண்டும் என்று வாரம் ஒன்று. வட்டகொடையில் எங்கள் லயத்து வீட்டு வாசலில், ஞாயிறு காலையில், மாவு டின்னில் போனைச் சாய்த்து வைத்துப் பேசுவேன். முதலில் பார்த்தவர்கள் சொந்தக்காரர்கள்தான். "தோட்டத்துப் பேச்சு" என்று யாரோ கீழே எழுதியிருந்தார்கள். ரோஷம் வந்து, அடுத்த வாரம் செய்தி வாசிப்பவரைப் போலப் பேசினேன். அம்மா பார்த்துவிட்டு, "யாரு இது? எனக்கே வெளங்கல" என்றார். அதற்குப் பிறகு என் பேச்சை நான் மாற்றவில்லை.

மெல்ல மெல்ல தோட்டத்து குரூப்புகளில் வீடியோக்கள் சுற்றின. படிவங்களைப் பற்றியே பேசுவதால் எனக்கு 'ஃபோம் அக்கா' என்று பெயரும் வந்தது. கொஞ்சம் தலைக்கனமும் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் திம்புள்ளப் பக்கமிருந்து கொழுந்து பறிக்கும் ஒரு பெண் போனில் பேசினார். "ஃபோம் அக்காவா? நீங்க சொன்னீங்கன்னு அடையாள அட்டைக்கு பிறப்புச் சான்றிதழ் கொப்பி மட்டும் கொண்டு போனேங்க. ஒரிஜினல் வேணும்னு திருப்பி அனுப்பிட்டாங்க. லீவு போட்டுட்டுப் போனது வீணா போச்சு."

அவர் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கொப்பி போதும் என்று யாரோ கடையில் சொன்னதை, நான் யாரிடமும் கேட்டுப் பார்க்காமல் அப்படியே பேசியிருந்தேன்.

"அழிச்சிருங்க, யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள் கடையில் கூட வேலை செய்தவள்.

அழிக்கலாம். ஆனால் அதை நம்பி இன்னும் எத்தனை பேர் பஸ் ஏறுவார்கள்? மறுநாள் லீவு போட்டுக்கொண்டு நானே பிரதேச செயலகத்துக்குப் போனேன். கிளார்க்கிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். அவருக்கு அலுத்துப்போனது. நான் விடவில்லை. அந்தப் பெண்ணையும் வரச்சொல்லி, வரிசையில் கூடவே நின்று படிவத்தைக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினேன்.

அந்த ஞாயிறு வழக்கம்போல மாவு டின்னில் போனைச் சாய்த்து வைத்துப் பேசினேன். "போன வாரம் நான் சொன்னது பிழைங்க. என்னால ஒருத்தவங்க அலைஞ்சிட்டாங்க. சரியானத இப்ப நேர்ல கேட்டுட்டு வந்து சொல்றேன்."

சிலர் சிரித்தார்கள். ஆனால் நான் போட்டதிலேயே அதிகம் பேர் பகிர்ந்தது அந்த வீடியோவைத்தான். தலைமுடி எண்ணெய் விற்கும் ஒருவர், தன் போத்தலைக் கையில் பிடித்துப் பேசச் சொல்லிக் கேட்டார். நான் பாவித்துப் பார்க்காததைப் பேச மாட்டேன் என்றேன்.

போன யாத்திரை சீசனில் மலையேற நல்லதண்ணிக்குப் போனபோது, தேத்தண்ணிக் கடைக்காரம்மா என் குரலைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். "ஃபோம் அக்காதானே? எங்க காணிக் கடுதாசி பத்தி ஒண்ணு கேக்கணும்."

கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

"தெரியாதுங்க. விசாரிச்சிட்டு வந்து சொல்றேன்" என்று அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டேன்.