ஒத்துப்போகாத மூன்று சாட்சி

அந்த மனிதரை நான் நேரில் பார்த்ததே இல்லை. மருமகளின் கணினித் திரையில் மூன்று வரிகளாகத்தான் அவர் எனக்கு அறிமுகமானார். முகவரி நாமக்கல் பக்கத்து ஜேடர்பாளையம். இணைப்பு வந்த நாடு போலந்து. பணம் கட்டிய வங்கி அட்டை லிதுவேனியா. ஏழு முறை வாங்கியிருந்தார். ஏழு முறையும் இதே மூன்று இடம்.

மருமகள் விற்பது லாரி. நாமக்கல்லில் பாடி கட்டும் வண்டிகளை அச்சு அசலாகக் கணினியில் வரைந்து, லாரி ஓட்டும் விளையாட்டு ஆடுகிறவர்களுக்குக் கோப்பாக விற்கிறாள். ஐரோப்பாவில் இருப்பவர் வாங்கினால், அவர் நாட்டு வரியை இவளே வசூலித்து அங்கே கட்ட வேண்டும். வாங்குபவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதற்கு ஒத்துப்போகும் இரண்டு சாட்சி வேண்டும் என்று ஆடிட்டர் சொல்லியிருந்தார். இவருக்கு மூன்று சாட்சி இருந்தும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இந்திய முகவரி என்பதால் ஐரோப்பிய வரியும் விழவில்லை. நான் முப்பத்தொரு வருடம் விற்பனை வரிச் சோதனைச் சாவடியில் எழுத்தராக இருந்தவன். பில் ஓர் ஊருக்கு, சரக்கு இறங்குவது வேறோர் ஊரில் என்கிற தந்திரத்தை எத்தனை தார்ப்பாய்க்கடியில் பார்த்திருப்பேன்!

"விடுங்க மாமா. ஏழுக்கும் போலந்து வரி போட்டு நானே கட்டிடறேன். சின்னத் தொகைதானுங்க."

"தொகை சின்னது அம்மணி. பொய் சின்னதில்ல."

"சாவடியவே எடுத்துட்டாங்க. நீங்க இன்னும் அந்தத் தடுப்புக் கட்டைய எறக்கியே வச்சிருக்கறீங்க," என்று சிரித்தாள்.

அவளிடம் சொல்லாமல், அவளுடைய கடையின் பெயரிலேயே அவருக்கு எழுதினேன். போலந்து அரசு தரும் குடியிருப்பு அட்டையின் நகல் வேண்டும் என்று கேட்டு, என் கைபேசி எண்ணையும் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார்.

"ஐயா, அட்டை இன்னும் வரலீங்க. மனுதான் குடுத்திருக்குது. லாரி ஓட்டறதுன்னு சொல்லிக் கூட்டியாந்தாங்க, இங்க வந்து கோழிக்கறிப் பொட்டி அடுக்கறனுங்க. பணம் கட்டுனது கூடத் தங்கியிருக்கற பையன் அட்டைலீங்க."

"ஏழு வண்டி எதுக்கு?"

"ஊர்ல மொதலாளிகிட்ட ஏழு இருந்துச்சுங்க. ஏழையும் ஓட்டியிருக்கறன்." பிறகு, "ஏனுங்க, ஐயா கவர்மென்ட்டுங்களா?" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "வரிக்கணக்கு பாக்கறவன்" என்றேன். சாவடியில் பேசிய குரல் தானாக வந்துவிட்டது. நகல் வராவிட்டால் மேலே எழுத வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன். மேலே என்றால் யாருக்கு என்று எனக்கே தெரியாது.

நகல் வரவில்லை. மறுநாளே அவர் மருமகளின் கடையில் வைத்திருந்த தன் கணக்கை அழித்துவிட்டார். என் எண்ணிலிருந்து கூப்பிட்டால் எடுக்கவில்லை. நடந்ததை மருமகளிடம் சொன்னேன். அவள் தன் கைக்காசில் வரியைக் கட்டிவிட்டு, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்: "காயிதமில்லாத மனுசனுங்க மாமா. பயந்து வேலைய உட்டுட்டு எங்காச்சும் போயிருந்தா?"

அப்போதும் நான் முழுதாக நம்பவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சாவடியில் என் முன்னால் அழுத டிரைவர்களில் பாதிப்பேர் மறைத்த சரக்கோடு வந்தவர்கள். முகவரியாவது மெய்யா என்று பார்க்க பஸ் ஏறினேன்.

மெய்தான். ஓட்டு வீடு, ஐந்து படி. கதவைப் பாதி திறந்து ஒரு பெண் நின்றாள். போலந்து என்று நான் தொடங்கியதுமே, "அப்படி யாரும் இல்லீங்க. தப்பா வந்துட்டீங்க" என்றாள். அவள் தோளுக்குப் பின்னால் சுவரில், பச்சை லாரியின் முன் நின்று சிரிக்கும் ஒருவரின் படம் இருந்தது. என் கண் போன இடத்தைப் பார்த்து, ஓரடி நகர்ந்து அதை மறைத்தாள்.

"நான் ஆபீசர் இல்ல அம்மணி. ரிட்டயர் ஆனவன். அவர் நல்லா இருக்கறாரான்னு மட்டும் சொன்னாப் போதும்."

"யாருங்க? இங்க அப்படி யாருமே இல்லீங்களே."

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. நான் படியிறங்காமல் நின்றேன். காலடி இறங்கும் சத்தம் வராததை அவள் உள்ளே கவனித்திருக்க வேண்டும். சற்றுப் பொறுத்து இரண்டாவது தாழ்ப்பாளும் விழுந்தது.