பேழைக்கு உள்ளே பதிந்த கை

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். சுப்பிரமணிய சுவாமி சந்நிதியில் கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை.

போன சித்திரை மாதம். போடியில் எங்கள் கல்லூரியின் மானிடவியல் அருங்காட்சியகத்துக்கு மாணவர்கள்தான் வழிகாட்டிகள். ஒருவர் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வார். இன்னொருவர் சற்றுத் தள்ளி நின்று, எந்தப் பொருள் முன்னால் அவர்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கவனிப்பார். கவனிப்பவர் பேசவே கூடாது. பேசினால் அந்த ஆளின் கணக்கு ஆய்வுக்கு ஆகாது. அன்று லிங்கேஸ்வரன் விளக்கம், நான் கவனிப்பு. இன்னும் ஒரே ஓர் ஆள் கிடைத்தால் என் ஆய்வு முடிந்துவிடும்.

மாலை 4.40. வெளியே வெயில் கொளுத்தியது.

உள்ளே ஒரு பெண் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. மழைக்குப் போடுவதுபோல் தலையில் ஒரு சாக்கை மடித்துப் போட்டிருந்தார். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்... சொட்... தரை மட்டும் காய்ந்தே இருந்தது.

நேராகக் கண்ணாடிப் பேழைக்குப் போனார். அதில் இருந்தது, ஏலத்தோட்டத்துப் பெண்கள் போர்த்திக்கொள்ளும் கறுப்புக் கம்பளி. ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். பச்சை ஏலக்காய் வாசம் அடித்தது.

"கதவத் தொறத்தா... குளிருது."

திரும்பாமலே சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தொறத்தா..."

பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஒரு நாற்காலி போட்டிருக்கலாம். ஆய்வு கெட்டுவிடுமே என்று நின்றேன்.

மூன்றாம் முறை... வெறும் மூச்சாக வந்தது.

நிமிர்ந்தேன்.

யாருமில்லை.

"ஏய் சுகன்யா, செவத்துக்கா டைம் பாக்குற?" லிங்கேஸ்வரன் வாசலில் நின்று சிரித்தான்.

"இப்ப ஒரு அக்கா... நனைஞ்சுபோயி..."

"வாசல்லதான நிக்கிறேன்? ஒருத்தரும் வரல."

கண்ணாடியில் ஆவி படிந்து, அதில் ஒரு கை பதிந்திருந்தது. துடைத்தேன். அழியவில்லை.

அழுத்தித் துடைத்தேன்...

உள்பக்கம்.

பேழை பூட்டியிருந்தது.

அடுத்த வாரம், அந்தக் கம்பளியைக் கொடுத்த பாண்டீஸ்வரி அக்கா சிலமலையிலிருந்து வந்தார். நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தேன். இப்போது யார் வந்தாலும் அப்படித்தான். நான் எதுவும் கேட்கவில்லை. பேழையைப் பார்த்தபடி அவராகவே சொன்னார்.

"எங்காத்தாவோடது. எனக்குக் காச்சல்னு இத எனக்குப் போத்திவிட்டுட்டு, சாக்கப் போட்டுக்கிட்டு மலைக்குக் காய் எடுக்கப் போச்சு. அடமழை. கீழ எறங்குற ஜீப்ப விட்டுருச்சு. இருட்டுல காய் ஒணத்துற ஸ்டோருக்குப் போயித் தட்டியிருக்கு. 'கதவத் தொறங்கய்யா, குளிருது'ன்னு மூணு தடவ கேட்டுச்சாம். விடிஞ்சு பாத்தா, வாசப்படில வெறைச்சுக் கெடக்கு."

"உள்ள யாரும் இல்லையாக்கா?"

டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"காவக்காரரு இருந்தாரும்மா. அடுப்புகூட எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. பூட்டுன பெறகு தொறக்கக் கூடாதுன்னு உத்தரவாம். அதான் கொரலுகூடக் குடுக்கலையாம்."