பிஸ்கட் அக்கா பூசிய வீடு

என் அக்காவுக்குத் தொழில் வட்டாரத்தில் 'பிஸ்கட்' என்று பெயர். அவள் கைபட்ட வீடு எதுவானாலும் கடைசியில் பிஸ்கட் நிறத்தில்தான் போய் நிற்கும் என்று ஒரு பெயிண்டர் கிண்டலாக வைத்தது. அவளுக்கு அதில் கோபமில்லை. "பிஸ்கட் வேணாம்னு சொல்றவங்க யாராவது உண்டா?" என்பாள்.

பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் வேலையில் ஆரம்பித்து, வீடுகளுக்கு உள்அலங்காரம் செய்பவளாக வளர்ந்தவள். வெள்ளை அவளுக்கு ஆகாது, ஆஸ்பத்திரி என்பாள். பால் தூக்கலான டீ, காய்ந்த மணல், கோதுமை மாவு, இந்த நிறங்கள்தான் பிடிக்கும். ஓர் அட்டையில் பூசிக்கொண்டு, கைக்குழந்தையைத் தூக்கித் திரிவது போல அறை அறையாக அலைவாள். காலையில் ஜன்னலோரம், மதியம் எதிர்ச்சுவர், விளக்குப் போட்டதும் மூலை. எதிர்வீட்டுப் பச்சைச் சுவர் வெயிலில் நம் சுவரைச் சோகை பிடித்ததாகக் காட்டும் என்று, ஒரு வீட்டில் பெயிண்டரிடம் சண்டை போட்டு ஒரு துளி சிவப்பு சேர்க்க வைத்தாள்.

அவளைக் கைவைக்க விடாத ஒரே வீடு எங்களுடையது. அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணைக் குத்தும் நீலச் சுவர், கரிய மரக்கதவு, சிவப்புத் தரை என்று எல்லாம் அவர் இஷ்டம். "டீ டம்ளருக்குள்ள குடியிருக்க என்னால முடியாதும்மா" என்று அவள் வாயை அடைத்துவிடுவார்.

பிறகு அவர் பார்வை மங்கத் தொடங்கியது. அம்மா இல்லை. அக்கா காலையில் போனால் இருட்டும் நேரத்தில்தான் வருவாள். வெளியூரிலிருந்த அண்ணன் அப்பாவைத் தன்னோடு அழைத்துக்கொள்ள ஒற்றைக்காலில் நின்றான். அப்பாவுக்கோ அதில் துளியும் இஷ்டமில்லை. "மூலையில வெச்ச பார்சல் மாதிரி கெடப்பேன்" என்றார்.

நாடு நாடாகச் சுற்றிவிட்டு அப்போதுதான் வந்திருந்த நான், "நான் இருக்கேனே" என்றேன்.

"நீ பையையே இன்னும் பிரிக்கல" என்றான் அண்ணன்.

வீடு இருட்டாக இருப்பதால்தான் அப்பா தடுமாறுகிறார் என்பது அக்காவின் கட்சி. கண் ஆபரேஷனுக்காக அப்பா வெளியூரில் அண்ணனோடு இருந்த சமயத்தில் அவள் வேலையைத் தொடங்கினாள். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் போனில் கறாராகச் சொன்னான்: "கூட்டிட்டு வரேன். யாரும் கை புடிக்கக் கூடாது. ஹால்ல இருந்து சமையலறைக்குப் போய்த் தண்ணி குடிச்சிட்டு வரட்டும். முடிஞ்சா இங்கயே இருக்கட்டும். இல்லன்னா அன்னிக்கு சாயங்கால பஸ்லயே என்னோட வந்துடணும்."

சமையலறைக்கு ஒரு படி இறங்க வேண்டும்.

அக்கா அந்த வீட்டை அத்தனை அழகாக்கினாள். சுவரில் டீ நிறம். தரையிலும் படியிலும் மணல் நிற டைல்ஸ். கதவும் நிலையும்கூடச் சுவரோடு கரைந்துபோயின. பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரம்மா கோயிலுக்குள் வந்ததுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

அப்பா உள்ளே வந்ததும் நின்றார். "வெளிச்சமா இருக்கும்மா" என்றார். அக்காவின் முகம் மலர்ந்தது. அண்ணன் தன் பையையும் அப்பாவின் பையையும் வாசலருகே வைத்துவிட்டு, "போங்கப்பா" என்றான்.

அவர் நடந்தார். பாதி ஹாலில் கைகள் தாமாக முன்னே நீண்டன.

"கதவை எங்கம்மா வெச்சிருக்க?"

"அங்கயேதான்ப்பா, கொஞ்சம்…"

"நீ பேசாத" என்றான் அண்ணன்.

"எல்லாம் ஒரே மாவா இருக்கு" என்றார் அப்பா, தனக்குள் பேசுவது போல. சுவரைத் தடவித் தடவி நிலையைப் பிடித்தார். அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. அவருக்கு வழி காட்டியது வெளிச்சம் அல்ல. நீலத்துக்கு நடுவே கறுப்பாகத் தெரிந்த கதவு. அதை அவளே அழித்திருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் படி இருப்பது தெரியாமல் அப்பா காலை அந்தரத்தில் வைத்துவிட்டார். அண்ணன் பாய்ந்து இடுப்போடு பிடித்துக்கொண்டான்.

அப்பாவுக்கு மூச்சிரைத்தது.

"போதும். சாயங்காலம் கிளம்பலாம்" என்றான் அண்ணன்.

"பஸ் வர்ற வரைக்கும் எனக்கு டைம் குடு" என்றாள் அக்கா.

"வெளையாட்டாடி இது? இடுப்பு போயிருக்கும்."

"தப்பு என்னோடது. அவரோடது இல்ல."

நாற்காலியில் உட்கார்த்தப்பட்ட அப்பா, "நான் இன்னும் கிளம்பலயேடா" என்றார்.

மாடிப்படிக்குக் கீழே கதவுக்குப் பூசும் பழைய பெயிண்ட் இருந்தது. காப்பிக்கொட்டை நிறம். நான் ஒட்டுநாடாவை இழுத்துப் பிடிக்க, அக்கா நிலையைச் சுற்றிப் பூசினாள். பிறகு படியின் விளிம்பில் கையகலத்துக்கு ஒரு பட்டை. எந்த வீட்டிலும் பிசிறில்லாமல் கோடு இழுப்பவள், அன்று அவசரத்தில் டைல்ஸெல்லாம் தீற்றிவைத்தாள்.

"இது நாளைக்குத்தான் காயும். பஸ் இன்னிக்கு" என்றான் அண்ணன்.

"ஈரமா இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும்ல?"

"விழுந்தா நீ…"

வாக்குவாதத்தில் நாங்கள் நாற்காலியைக் கவனிக்கவில்லை. திரும்பியபோது அப்பா நிலையருகே நின்றிருந்தார். அண்ணன் ஓரடி எடுத்துவைத்தான். அக்கா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். அப்பா குனிந்து பார்த்தார். ஸ்டாப்பில் பஸ்ஸை ஓரங்கட்டுவது போல வலது காலை மெல்லக் கொண்டுபோய் அந்தக் கறுத்த பட்டையின் மேலேயே வைத்தார். அடுத்த கால் கீழே இறங்கியது. உள்ளே குழாய் திறக்கும் சத்தம். டம்ளர் வைக்கும் சத்தம்.

திரும்பி வந்தார். போன வழியிலும் வந்த வழியிலும் புதுத் தரையெங்கும் காப்பிக்கொட்டைப் பாதங்கள் பதிந்திருந்தன.

"செருப்பாவது போட்டிருக்கலாம்ல?" என்றான் அண்ணன்.

"நீ செருப்பைப் பத்தி ஒண்ணும் சொல்லலயேடா."

சாயங்காலம் அண்ணன் தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டு வாசற்படி இறங்கினான். அக்கா மண்ணெண்ணெயில் நனைத்த துணியோடு அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

"கூசுதும்மா" என்றார் அவர், காலை இழுத்துக்கொண்டு. "என் பழைய நீலச் சுவருக்கு ஒரு கொறையும் இருந்ததில்ல."

"பேசாம காலைக் காட்டுங்க" என்றாள்.