பச்சை மஞ்சள் வயர்

எந்த வீட்டுக்குப் போனாலும், செருப்பைக் கழற்றும்போதே எலக்ட்ரீசியன் தேவநேசனின் கண் சுவிட்ச் போர்டைத் தேடும். ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ யாராவது வளைகுடாவிலிருந்து வந்திருப்பதாகக் காதில் விழுந்தால் போதும், சாமான் பையை பைக்கில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

அந்த ஊர் பிளக்கில் மூன்று தட்டைக் கால்கள். நம் சுவரில் இருப்பதோ மூன்று உருண்டைத் துளைகள். வந்தவர்கள் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு வயர் முனைகளைத் துளைகளில் செருகித் தீக்குச்சியால் இறுக்குவார்கள். சாமான் ஓடும். கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த்துக்கான பச்சை மஞ்சள் வயர் மட்டும் சும்மா தொங்கும்.

ஆறு வருடங்களுக்கு முன் அப்படி வெட்டியவர் தேவநேசன்தான். குவைத்திலிருந்து மச்சான் அனுப்பிய இஸ்திரிப் பெட்டி அது. கடைக்குப் போய் மூன்று கால் பிளக் வாங்கச் சோம்பல். பையில் கிடந்த இரண்டு கால் பிளக்கை மாட்டி, "போதும்ட்டி, சூடாவுதுல்லா" என்று தங்கை எலினாவிடம் கொடுத்தார். நான்கு மாதம் நன்றாகத்தான் சூடானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஈரத் தலையோடு, அப்போதுதான் துடைத்த தரையில் வெறுங்காலுடன் நின்று சேலை தேய்த்தாள் எலினா. உள்ளே வயர் உருகித் தகட்டைத் தொட்டிருந்தது. சர்ச்சில் இரண்டாம் மணி அடித்தபோது அவள் உயிரோடு இல்லை.

பெட்டியில் கோளாறு என்றுதான் எல்லோரும் பேசினார்கள். அடக்கத்துக்கு வந்தவர்களிடம் தேவநேசன் ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னார்: "பெட்டி இல்ல. நாந்தான்."

போன மாதம் வன்னியம்பட்டியில் பாண்டீஸ்வரி வீட்டுக்குப் போனார். அவள் புருஷன் கத்தாரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் கெட்டில் சுவரில் செருகியிருந்தது: இரண்டு வயர், இரண்டு தீக்குச்சி.

"ஒரு மாசமா இப்படித்தான் ஓடுது அண்ணாச்சி. ஒண்ணும் ஆவலயே."

"நாலு மாசம்கூட ஓடும் தாயி. மெயின ஆஃப் பண்ணு."

போர்டைக் கழற்றினார். எர்த்துக்கான மேல் துளைக்குப் பின்னால் வயரே இல்லை. "எந்தப் பய வேல பாத்தான்..." என்று ஆரம்பித்தவர் வாயை மூடிக்கொண்டார். கொல்லையில் இருந்த எர்த் பைப்பிலிருந்து வயர் இழுத்து முடிக்க மதியமாகிவிட்டது.

புது பிளக்கைச் செருகி, கெட்டிலில் தண்ணீர் ஊற்றி, சுவிட்சைப் போட்டார். பாண்டீஸ்வரி கெட்டிலை நோக்கிக் கை நீட்டினாள்.

"செத்த நேரம் தள்ளி நில்லு."

வாளித் தண்ணீரில் கையை முக்கி, வெறுங்காலோடு நின்று, உள்ளங்கையைக் கெட்டில்மேல் அழுத்தினார். தண்ணீர் கொதிக்கும்வரை எடுக்கவில்லை.