‘சரி’ கேட்கும் செயலி

படுக்கையறையில் சம்மதம் கேட்டு உறுதிசெய்யும் செயலி ஒன்றை எழுதும் வேலை ஒரு மென்பொருள்காரர் தலையில் வந்து விழுந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் மனைவியிடம் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டறியாத மேதாவிக்கா இந்த வேலை என்று அவருக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதி முடித்தார். ‘சரி’ என்ற சொல் காதில் விழுந்தால் போதும், போனில் பச்சை விளக்கு எரியும்.

ஞாயிறு காலை, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் போனை நீட்டினார்.

“சும்மா சோதனைக்குத்தான். ஒரு ‘சரி’ சொல்லேன்.”

அவள் நிமிரக்கூட இல்லை. “சரி.”

பளிச்சென்று பச்சை எரிந்தது.

“பார்த்தியா, எப்படிப் புரிஞ்சுக்குது!”

“என்னத்தப் புரிஞ்சுக்கிச்சு? ஆளை விடுங்கன்னு சொன்னேன். உங்க புத்தி அப்படியே அதுக்கும் வந்திருக்கு.”

இத்தனை வருடத்தில் எத்தனை ‘சரி’க்கு நாமும் இப்படிப் பச்சையாக எரிந்திருப்போம் என்று எண்ணத் தொடங்கியவர், பயந்துபோய்ப் பாதியில் நிறுத்தினார். போனை அணைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

“நானும் மடிக்கட்டுமா?”

“சரி.”

இது எந்தச் ‘சரி’ என்று தெரியாமல், துண்டைத் தொடாமல், அவள் முகத்தைப் பார்த்தார்.