ஒழுகும் இடத்தில் ஓர் ஆலா

துறைமுகக் கட்டடங்களின் கூரை ஒழுகினால் தார் பூசி அடைப்பவருக்கு மற்றவர்கள் வைத்த பெயர் ‘அப்புறம்’. எந்த வேலையைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்தச் சொல்தான். பொறுப்பு என்று ஒன்று எதிரே வந்தால் மரியாதையாக ஒதுங்கி வழிவிடுகிற மனிதர்.

கூட்ட அரங்கின் தட்டைக் கூரைக்குத் தார் பூசியபோது, ஜல்லி தேடி அலையச் சோம்பல்பட்டு, கடலோரம் கிடந்த சிப்பித்தூளை வாரிப் பரப்பிவிட்டார். மேலிருந்து பார்த்தால் அசல் மணல்தீவு. பல கடல் தாண்டி வந்த ஆலா என்ற கடற்பறவை ஒன்று அதை நம்பி இறங்கி, முட்டையும் இட்டுவிட்டது.

அன்று கீழே அரங்கில் நாலு நாட்டுப் பிரதிநிதிகள். பொருள்: வலசை வரும் கடற்பறவைகளைக் காப்பது யார் பொறுப்பு? தலைவி அம்மையார் பேச எழுந்ததும், காலையில் பெய்த மழை அவர் உச்சந்தலையில் சொட்டியது.

மேலாளர் ‘அப்புற’த்தைத் தேடிக் கூரைக்கு ஓடிவந்தார். “யோவ், மத்தியானத்துக்குள்ள ஒழுகல் நிக்கணும். இல்லேன்னா இனி துறைமுகத்துல ஒரு கூரைமேலயும் நீ ஏற முடியாது!”

விரிசலோ ஆலாவின் வயிற்றுக்கு நேர் கீழே. தார்ச்சட்டியோடு ‘அப்புறம்’ நெருங்கினார். மண்டையில் ‘நறுக்’கென்று ஒரு கொத்து.

“நான் இத்தனை வருஷமா செய்ய நினைச்சதை அது செஞ்சிடுச்சு,” என்றார் கூடவே தார் கிளறும் மனைவி.

“முட்டையைத் தள்ளி வெச்சுட்டுப் பூசிடவா?”

“தள்ளி வெச்சா தாய் திரும்பி வருமா, வராதான்னு உங்களுக்குத் தெரியுமா? கீழ பெரிய மனுஷங்க இதுக்குத்தானே கூடியிருக்காங்க. போய்க் கேளுங்க.”

போய், சிப்பித்தூள் முதல் முட்டை வரை சொல்லிக் கேட்டார். அரங்கு சூடுபிடித்தது.

“முட்டையிடுற நாடுதான் பொறுப்பு,” என்றார் ஆலா குளிர்காலத்தைக் கழிக்கும் நாட்டுக்காரர்.

“பாதி வருஷம் உங்க வீட்டுலதானே சாப்பிடுது?” என்றார் உள்நாட்டுக்காரர்.

இடையிலுள்ள கடலுக்குச் சொந்தமான நாட்டுக்காரர் கையை விரித்தார். “எங்களைத் தாண்டிப் போகுது, அவ்வளவுதான். நின்னு ஒரு வார்த்தை பேசினதில்லை.”

தலைவி தலையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “அந்தச் சிப்பித்தீவை உண்டாக்கினது யாரு?”

“நான்தாங்க.”

நாலு நாடும் ஒருமனதாகக் கை தூக்கின. குஞ்சு பறக்கும்வரை ஆலாவுக்கு ‘அப்புறம்’தான் பொறுப்பு; அவரை அந்தக் கூரையிலிருந்து யாரும் அகற்றக் கூடாது.

“என்ன சொன்னாங்க?” என்றார் மனைவி.

“என் பொறுப்பாம். சர்வதேசப் பொறுப்பு.”

“அடேயப்பா! நான் ஒருத்தி தலைகீழா நின்னும் நடக்கல. நாலு நாடு சேர வேண்டியிருக்கு!”

மேலாளர் மூச்சிரைக்க வந்தார். “அடைச்சியா?”

“முடியாதுங்க. வாளி வெச்சுக்கோங்க. என்னை அனுப்பணும்னா நாலு நாடும் ஒத்துக்கணும்.”

தலைவியின் நாற்காலி நகர்ந்தது, வாளி வந்தது. அது நிரம்பியதும், கொட்டுவது யார் பொறுப்பு என்று பிற்பகல் அமர்வு தொடங்கியது.

மேலே ஒரு காக்கை முட்டையை நோட்டம் விட்டது. காலி தார்ச்சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ‘அப்புறம்’ விரட்டப் பாய்ந்தார். காக்கை ஓடிவிட்டது. நன்றியில்லாத ஆலா மட்டும் சட்டியின் மேல் டங் டங்கென்று கொத்திக்கொண்டிருந்தது.